மையத்தைத் தேடும் முன் மருத்துவரைத் தேடுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. பத்து வருடமாகக் குடிக்கிறான். இப்போது காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரையும் போடுகிறான். போன மாதம் அவனாகவே குடியை நிறுத்தினான். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். மறுபடி ஆரம்பித்துவிட்டான். போனில் தேடினால் எங்கள் பகுதியிலேயே ஏகப்பட்ட மறுவாழ்வு மையங்கள் வருகின்றன. ஒரு மையத்தில், 90 நாள் தங்க வேண்டும், வர மறுத்தால் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவோம் என்கிறார்கள். இன்னொருவர், அவனுக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்க மருந்து தருகிறேன் என்கிறார். அம்மாவும் நானும்தான் அவனோடு இருக்கிறோம். யாரை நம்பி எங்கே சேர்ப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் பார்க்க வேண்டியது அந்த வலிப்பைத்தான் சகோதரி. எந்த மையம், எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். குடியை நிறுத்தியதால் ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு, அடுத்த முறை நிறுத்தும்போதும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். முன்னைவிடக் கடுமையாகவும் வரலாம். ஆகவே உங்கள் தம்பி அடுத்த முறை குடியை நிறுத்துவது மருத்துவமனைப் படுக்கையில்தான் நடக்க வேண்டும். வீட்டில் வேண்டாம்; இரவில் டாக்டரோ நர்ஸோ இல்லாத விடுதியிலும் வேண்டாம்.

அதுவரை ஒரு சங்கடமான ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிலை ஒளித்துவைக்காதீர்கள். ‘இன்றைக்கே நிறுத்து’ என்று சத்தியம் வாங்காதீர்கள். டாக்டரைப் பார்க்கும் நாள்வரை அவர் திடீரென நிறுத்தாமல், வழக்கமான அளவைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு. அல்பிரசோலத்துக்கும் இது பொருந்தும். அதைச் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மதுவோடு சேர்த்து ஒன்றிரண்டு கூடப் போட்டாலோ மூச்சே அடங்கிப்போகலாம். எனவே அந்த அட்டையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகப் போடுவதை மட்டும் கொடுங்கள். கூடுதலாக ஒன்று கூட வேண்டாம். நிதானமே இல்லாத அளவுக்குக் குடித்திருந்தால் அன்றிரவு அதையும் கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் காத்திருப்பும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது? மது மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். வருடக்கணக்கில் அந்த அழுத்தத்துக்குக் கீழேயே இயங்கிய மூளை, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே பழகியிருக்கும். அழுத்தத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் தள்ளுகிற வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் தம்பிக்கு இரண்டாம் நாள் வந்தது அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதையும் தாண்டி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவே ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்ற நிலை வரலாம். ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், காய்ச்சலும் வேர்வையுமாகக் கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். இதைப் பைத்தியம் என்றோ நடிப்பு என்றோ நினைத்து அறையில் பூட்டிவைத்து உயிரை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நிலை இது.

மருத்துவமனையில் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் நேரத்துக்குச் செய்ய வேண்டும். குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரையை முதலில் போதிய அளவில் கொடுத்து, நடுக்கம் அடங்க அடங்க நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கல்லீரல் பாதித்திருந்தால் லோராசெபாமுக்கு மாற்றுவார்கள். மதுவுக்கு மட்டும் என்றால் இது ஐந்து முதல் பத்து நாளில் முடிந்துவிடும். உங்கள் தம்பி விஷயத்தில் அல்பிரசோலம் இருப்பதால் அந்தக் கணக்கு தப்பும். அதற்கு ஈடான மாத்திரையைப் பல வாரங்களுக்கு நிதானமாகக் குறைக்க வேண்டும். இந்த மாத்திரைப் பழக்கத்தைச் சொல்லாமல் சேர்த்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஏழாம் நாள் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்துவார்கள், பிறகு இரண்டாவது சுற்று வலிப்பு வரலாம். சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் தகவல்களில் ஆபத்தானது இதுதான்.

இன்னொன்று தையமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் இது வறண்டிருக்கும். குடலும் சரியாக உறிஞ்சாது. அதனால் முதல் சில நாள் ஊசியாகப் போட வேண்டும். தையமின் இல்லாமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி, ‘வெர்னிக்கி’ என்ற மூளைப் பாதிப்பு வரலாம்: கண் அலைபாயும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். ‘சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் ஏற்றுங்கள்’ என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பவர்கள் கூடவே தையமின் பற்றியும் கேட்க வேண்டும்.

சரி, எங்கே தேடுவது? தேடுபொறியை நான் கடைசியில்தான் வைப்பேன். அதில் மேலே வருகிற முடிவுகளில் பல காசு கொடுத்து வந்த விளம்பரங்கள். சில எண்களை எடுப்பவர் எந்த மையத்தையும் சேர்ந்தவராக இருக்க மாட்டார். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் வாங்குகிற தரகர். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நோயாளியின் விவரம் எதையும் சொல்லும் முன், மையத்தின் முழு முகவரியையும் பொறுப்பு மருத்துவரின் பெயரையும் கேளுங்கள். அந்த இரண்டையும் சொல்லாமல் ‘முதலில் உங்கள் ஊர், வயது, பட்ஜெட் சொல்லுங்கள்’ என்றால் வைத்துவிடுங்கள்.

முதல் அழைப்பு உங்கள் பகுதியின் பெரிய பொது மருத்துவமனைக்குப் போகட்டும். மனநலப் பிரிவு புறநோயாளிகளைப் பார்க்கும் நாளும் நேரமும் கேளுங்கள். போதைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டாலும், விலகல் சிகிச்சை (குடியை நிறுத்தும்போது வரும் உபாதைக்கான சிகிச்சை) கொடுக்கவும் வலிப்பைச் சமாளிக்கவும் அங்கே ஏற்பாடு இருக்கும். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது. இரண்டாவது, குடும்ப டாக்டர்; அவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் சேர்க்கை எளிதாகும். மூன்றாவது, அரசின் போதை ஒழிப்பு உதவி எண்ணும், மனநல நிறுவனங்களுக்கு உரிமம் தரும் துறையும். ஒரு மையத்துக்கு உரிமம் இருக்கிறதா, எத்தனை படுக்கைக்கு என்று அங்கே கேட்கலாம். நான்காவதாகச் சொல்வதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை: குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம். யாரும் வரலாம் என்று அறிவிக்கிற திறந்த கூட்டங்கள் அதில் உண்டு. அமைப்பு எந்த மையத்தையும் சிபாரிசு செய்யாது. ஆனால் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது, எந்த இடத்தில் அடிக்கிறார்கள், எங்கே டாக்டர் தினமும் வருகிறார் என்பதெல்லாம் உள்ளே இருந்து வந்தவர்கள் வாயாலேயே தெரியும். விளம்பரத்தில் இது கிடைக்காது.

மையத்துக்குப் போன் செய்யும்போது ‘நன்றாகப் பார்ப்பீர்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘பார்ப்போம்’ என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல இடம் கொடுக்காத கேள்வி வேண்டும். ‘இரவு 2 மணிக்கு வலிப்பு வந்தால் உங்கள் இடத்தில் யார் முழித்திருப்பார், என்ன செய்வார்?’ என்று கேளுங்கள். நல்ல இடத்தில் பதில் உடனே வரும்: இரவு நர்ஸ் இருக்கிறார், இன்ன ஊசி இருக்கிறது, டாக்டர் இத்தனை நிமிடத்தில் வருவார், மீறினால் இன்ன மருத்துவமனைக்கு அனுப்புவோம். ‘எங்களிடம் வந்தவருக்கு அப்படியெல்லாம் வராது’ என்றால் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்து, ‘முதல் வாரம் என்ன மருந்து?’ என்று கேளுங்கள். ‘மருந்தே கிடையாது, யோகாவும் தியானமும்தான்’ என்பது உங்கள் தம்பிக்கு உயிராபத்து. யோகாவில் தவறில்லை, ஆனால் அது வலிப்பைத் தடுக்காது. பிறகு, ‘எப்போது நேரில் பார்க்கலாம், போனில் எப்போது பேசலாம்?’ என்று கேளுங்கள். முதல் சில நாள் கட்டுப்பாடு வைப்பது சகஜம். ஒரு மாதம் முகமே காட்டமாட்டோம் என்பது சகஜமில்லை. கடைசியாக, ‘வெளியே வந்த பிறகு எத்தனை மாதம், யார் தொடர்ந்து பார்ப்பார்?’ இதற்குத் தடுமாறினால் அவர்கள் படுக்கையை விற்கிறார்கள் என்று அர்த்தம். ‘நூறு சதவீதம் குணம், கேரண்டி’ என்று சொல்பவரிடம் இந்தக் கேள்விகளைக் கூடக் கேட்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தங்கும் அறை, கழிப்பறை, மருந்து வைக்கிற அலமாரி எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். நாள் கட்டணத்தில் டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்த்தியா, நடுவில் வந்துவிட்டால் மீதி திரும்புமா என்பதை எழுதி வாங்குங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாள் கையில் இருக்கட்டும். இப்படி: ‘தினமும் பிராந்தி சுமார் 375 மில்லி. முதல் வாய் காலை 6.30. கடைசியாகக் குடித்தது நேற்று இரவு 10. அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம், இரவு 2, ஒரு வருடமாக. போன மாதம் நிறுத்திய இரண்டாம் நாள் வலிப்பு, சுமார் 2 நிமிடம், நாக்கைக் கடித்துக்கொண்டார், தலை தரையில் மோதியது. மஞ்சள் காமாலை இல்லை. வேறு மருந்து இல்லை.’ அவ்வளவுதான், உங்கள் தம்பியின் உண்மையான எண்களைப் போட்டு எழுதுங்கள். ‘கொஞ்சம் அதிகமாகக் குடிப்பார்’ என்ற வார்த்தையை வைத்து டாக்டர் மருந்தின் அளவைக் கணக்கிட முடியாது. 375 மில்லி, 40 சதவீதம் என்றால் உடம்பில் ஏறும் சாராயம் மட்டும் சுமார் 118 கிராம் என்று அவரே போட்டுக்கொள்வார். தலை மோதியதைக் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலியோ மறதியோ தொடர்ந்தால் ஸ்கேன் தேவைப்படும். கல்லீரல், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் பார்ப்பதற்கு ரத்தம் எடுப்பார்கள். மாத்திரை அட்டைகளை, காலியானதையும் சேர்த்து, எடுத்துப் போங்கள்.

இனி 90 நாள். எல்லாருக்கும் பொருந்துகிற மாயக்கணக்கு அப்படி ஒன்றும் இல்லை. வலிப்பு வரலாறு இல்லாத, துணைக்கு ஆள் உள்ள பலருக்குத் தினமும் புறநோயாளியாகப் போய்வந்தே நிறுத்த முடிகிறது. தங்கிச் சிகிச்சை எடுப்பது, வீட்டிலேயே இன்னொருவர் குடிக்கிறவர், போக இடமில்லாதவர், பலமுறை முயன்று திரும்பத் திரும்பச் சறுக்கியவர், கூடவே கடுமையான மனநோய் உள்ளவர் ஆகியோருக்கு அதிகம் உதவும். உங்கள் வீட்டில் நீங்களும் அம்மாவும் இருக்கிறீர்கள். ஆகவே நான் சொல்வது இதுதான்: முதலில் மருத்துவமனையில் பத்து நாள் வரை. அதன் பிறகு வீட்டுக்கு அருகிலேயே வாரம் ஒருமுறை டாக்டரும் ஆலோசகரும். அப்படியும் குடி நிற்காமல் போனால் தங்கும் மையத்தை அப்போது யோசிக்கலாம். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் பழைய நண்பர்கள் தொல்லை இருக்காது என்று நினைப்பார்கள். நண்பர்கள் அங்கேயேதான் காத்திருப்பார்கள், டாக்டர்தான் தூரமாகிவிடுவார். சறுக்கல் அதிகம் நடப்பது வெளியே வந்த முதல் மூன்று மாதத்தில். அப்போது நடந்து போகிற தூரத்தில் சிகிச்சை இருக்க வேண்டும்.

ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிற மையத்துக்கு என் பதில், வேண்டாம். கையைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது வலிப்பு வந்தால் அந்த நான்கு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. கட்டாயப்படுத்தி அடைத்துவைக்கிற போதை மறுவாழ்வுக் காவல் மையங்களை மூடச் சொல்லி ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012-இல் கூட்டறிக்கையே வெளியிட்டன. புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் நோயாளியின் சம்மதம் இல்லாமல் சேர்க்க மனநலச் சட்டங்களில் வழி உண்டு. அதை டாக்டர் முடிவு செய்து எழுத்தில் பதிவு செய்வார்.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து இன்னும் மோசம். இப்படி விற்கப்படுவதில் டைசல்ஃபிராம் இருக்கலாம். டாக்டர் கண்காணிப்பில், நோயாளி தெரிந்து சம்மதித்து எடுத்தால் அது நல்ல மருந்து. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். அந்தப் பயத்தில்தான் அந்த மருந்து வேலை செய்கிறது. உங்கள் தம்பிக்குத் தெரியாவிட்டால் பயம் ஏது? வழக்கம்போல் குடிப்பார், இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட இந்த எதிர்வினை வரும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தே போதும்.

வெளிப்படையாகத் தருகிற மருந்துகள் வேறு இரண்டு உண்டு. நால்ட்ரெக்சோன், வழக்கமாகத் தினம் 50 மில்லிகிராம், குடித்தால் கிடைக்கிற கிக்கைக் குறைக்கும். ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை எடுப்பவருக்குக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட், 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, நிறுத்திய பிறகும் மனத்தை அரிக்கிற தவிப்பைத் தணிக்கும். சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டுத் தருவார்கள். இரண்டையும் குறைந்தது ஆறு மாதமாவது எடுக்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் அன்று ‘தூக்க மாத்திரையும் சத்து மாத்திரையும்’ மட்டும் எழுதிக் கொடுத்தால், இவற்றைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்கு இதே கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிறுத்தும்போது வரும் அவதி பெரும்பாலும் உயிரை எடுக்காது. ஒரு மாதம் சுத்தமாக இருந்துவிட்டுப் பழைய அளவையே திரும்பப் போடுவதுதான் எடுக்கும், ஏனென்றால் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அதனால் புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் கொடுத்து நீண்ட நாள் தொடர்கிற இடத்தைத் தேடுங்கள். மருந்தில்லாமல் ‘கழுவி’ அனுப்புகிற இடம் வேண்டாம்.

தம்பி வர மறுத்தால்? ‘குடியை விடு’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்கே பயம் தந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அந்த வலிப்பு. காலையில், நடுக்கம் அடங்கிய ஒரு மணி நேரத்துக்குள், கூட்டம் கூட்டாமல் நீங்கள் ஒருவர் மட்டும் பேசுங்கள்: ‘அன்றைக்கு விழுந்தாயே, எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் தூக்கம் வராததையும் டாக்டரிடம் காட்டலாம், வியாழக்கிழமை 9 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், நானும் வருகிறேன்.’ நாளும் நேரமும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதில்தான் காரியம் இருக்கிறது. சரி என்றவரை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று விட்டால் அடுத்த வாரம் மனம் மாறியிருக்கும். குடும்பத்தாருக்கே இப்படிப் பேசக் கற்றுத்தருகிற ‘கிராஃப்ட்’ என்ற பயிற்சி முறையை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். அது தெரிந்த ஆலோசகர் கிடைத்தால் தம்பி வராவிட்டாலும் நீங்கள் போய்த் தொடங்கலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்களும் உண்டு, கட்டணம் இல்லை.

இதற்கிடையே மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சுற்றிலும் இடிக்கிற பொருட்களை நகர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு இரண்டே நிமிடத்தில் நின்றாலும் இந்த முறை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்; நேராக அவசரப் பிரிவுக்கு, அந்தத் தாளோடு. ரத்த வாந்தி, கறுப்பு மலம், கண் மஞ்சள், பேச்சில் குழப்பம், தண்ணீர் கூட வயிற்றில் தங்காமை, இவற்றில் எது வந்தாலும் வியாழக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.